பற்சுத்திகரிப்பும் நோத்தணிப்பும்

உடலைப் பீடிக்கும் நோய்களுட் பல நோவை முன்தூதாக அனுப்புவன. நோவு தோன்றியவிடத்து மனிதன் வைத்தியரை நாடுகின்றான். நோவு நீங்கியதும் நோய் நீங்கிற்றென்று எண்ணி அமைதி கொள்கின்றான். நூல்கள் ஈறு என்றும் மக்கள் முரசு என்றும் வழங்கும் உறுப்பைப் பற்றும் நோயோ இவ்வழக்கத்துக்கு மாறானது. பல்லைத் தாங்கும் முரசும் எலும்பும் ஆண்டுக்கணக்காகச் சிறிது சிறிதாக அழிந்து வரும்போதும் பல்லுக்கொதி எதுவும் தோன்றாதிருக்கலாம். அந்நோயைத் தடுப்பதற்கும் தணிப்பதற்கும் உரிய சிகிச்சையாகிய பற்சுத்திகரிப்போ, முறையறிந்து செய்யப்படாவிடின் நோவு தருவதாகும். நோயிலே நோவில்லை, மருந்திலே நோவுண்டு. இதனால் மக்கள் நோயைப் பொறுத்துக்கொண்டு மருந்துக்கு அஞ்சுகின்றனர். ஆதலின், பல்லைச் சுத்திகரிக்கும்போது நோவைத் தணித்தல் என்பது நோயாளிக்குக் காட்டப்படும் சலுகையன்று. அது சிகிச்சையின் ஓர் அங்கமேயாகும்.

பல்லைத் துலக்கிச் சில மணி நேரத்துள் அதன்மேல் மெல்லிய பிசுபிசுப்பான படலமொன்று மீண்டும் படியத் தொடங்குகின்றது. கண்ணுக்குப் புலப்படாத பற்றீரியாக்கள் கூடி வாழும் குடியிருப்பே அப்படலம். நாள்தோறும் ஒழுங்காகத் துலக்கினால் அது நீங்கிவிடும். தூரிகை செல்லாத மூலைகளில் எஞ்சி நிற்கும் படலத்தில் உமிழ்நீரிலுள்ள கல்சியம், பொசுபேற்று ஆகிய உப்புக்கள் படிந்து அதனை இறுகச் செய்கின்றன. இவ்வாறு இறுகியதே பற்காறை எனப்படுவது. கீழ்த்தாடை முன்பற்களின் உட்புறத்திலும் மேற்றாடைக் கடைவாய்ப் பற்களின் வெளிப்புறத்திலும் காறை மிகுதியாகக் காணப்படும். உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய்கள் அவ்விடங்களை அடுத்திருப்பதே அதற்குக் காரணம். ஒருமுறை கல்லாக இறுகிய காறை தூரிகைக்கும் அசையாது, வேப்பங்குச்சிக்கும் அசையாது. அதன் கரடுமுரடான மேற்பரப்பில் மேலும் மேலும் படலம் படியும். முரசு சிவந்து வீங்கும். துலக்கும்போது குருதி கசியும். நாளடைவில் முரசு பல்லை விட்டு விலக, இரண்டுக்குமிடையே பை போன்ற இடைவெளி ஆழமாகும். நலமுள்ள வாயில் அவ்விடைவெளியின் ஆழம் 3 மில்லிமீற்றருக்கு மேற்படுவதில்லை. அதற்கு மேல் ஆழமான பையினுள் எந்தத் தூரிகையும் எட்டுவதில்லை.

இந்நோயைக் கவனியாது விட்டால் யாது நிகழும் என்பதை உலகுக்கு எடுத்துக் காட்டியது இலங்கையின் மலையகமே என்பது பலர் அறியாத செய்தி. நோர்வே நாட்டைச் சேர்ந்த ஹரால்ட் லோ என்னும் அறிஞரும் அவர் துணைவர்களும் 1970ஆம் ஆண்டில் இங்குள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 பேரின் வாய்களைச் சோதித்தனர். அத்தொழிலாளர் பற்சிகிச்சை எதனையும் பெற்றறியாதவர். ஒழுங்காகப் பல் துலக்கும் வழக்கமும் அவர்களிடம் இருக்கவில்லை. 1985ஆம் ஆண்டு வரை அவர்கள் திரும்பத் திரும்பச் சோதிக்கப்பட்டனர். 1986இல் வெளியான முடிவின்படி, நூற்றுக்கு 8 பேரிடத்து நோய் மிக விரைவாக முற்றியது. 81 பேரிடத்து நடுத்தர வேகத்தில் வளர்ந்தது. 11 பேரிடத்து முரசழற்சி என்ற அளவிலேயே நின்றுவிட்டது. முரசு நோய் பற்றி உலகெங்கும் எழுதப்படும் பாடநூல்களில் இவ்வாராய்ச்சி இன்றும் இடம்பெறுகின்றது. தோட்டத்துத் தொழிலாளர் இழந்த பற்கள் பிறர் பற்களைக் காக்கும் பாடமாயின. ஆயினும், நகரத்திலே வைத்தியசாலைக்கு அருகில் வாழ்ந்துகொண்டும் அச்சத்தின் காரணமாக அங்கே செல்லாதவன் நிலை, வசதியே இல்லாத அத்தொழிலாளியின் நிலையினின்று எவ்வகையில் வேறுபடும்?

அச்சத்தை வளர்க்கும் தவறான எண்ணங்கள் சில உண்டு. சுத்திகரித்தால் பல் ஆடும் என்பது ஒன்று. பல்லுக்கிடையே நீக்கல் விழும் என்பது மற்றொன்று. உண்மை என்னவெனில், எலும்பு தேய்ந்து முன்னரே ஆடத் தொடங்கிய பற்களைக் காறையானது சாந்து பூசியதுபோல ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கலாம். காறையை அகற்றியதும் மறைந்திருந்த ஆட்டம் வெளிப்படுகின்றது. வீங்கியிருந்த முரசு வீக்கம் வடிந்து சுருங்கும்போது, அது மறைத்திருந்த இடைவெளியும் தெரிகின்றது. இவை நோயின் விளைவுகளேயன்றிச் சிகிச்சையின் விளைவுகளல்ல. சுவரில் படர்ந்த கொடியை வெட்டியபின் வெடிப்புத் தெரிந்தால், வெடிப்பை உண்டாக்கியவன் கொடியை வெட்டியவனல்லன்.

இனி, சுத்திகரிக்கும்போது நோவு ஏன் தோன்றுகின்றது என்பதை ஆராய்தல் வேண்டும். காரணம் அறியாமல் நோவைத் தணிக்க முற்படுவது இருட்டிலே ஊசி தேடுவது போலாகும். முதலாவது காரணம் முரசின் அழற்சி. அழன்ற தோலைத் தொட்டால் எவ்வாறு நோகுமோ, அவ்வாறே அழன்ற முரசும் சிறு தொடுகைக்கே நோகும். இரண்டாவது காரணம் வெளிப்பட்ட பல்வேர். பல்லின் தலைப்பகுதியை மிளிரி என்னும் வன்மையான படை மூடியிருக்கின்றது. அதனுள்ளே பன்முதல் என்னும் படை உண்டு. பன்முதல் முழுவதும் மிக நுண்ணிய குழாய்கள் ஊடுருவிச் செல்வன. அவற்றிலே திரவம் நிறைந்திருக்கும். வேர்ப்பகுதிக்கு மிளிரியின் காப்பு இல்லை. முரசு கீழிறங்கி வேர் வெளிப்பட்டவிடத்துக் குளிர்நீரோ காற்றோ கருவியோ படும்போது, அக்குழாய்களிலுள்ள திரவம் அசைகின்றது. அவ்வசைவு உள்ளிருக்கும் நரம்பைத் தூண்டுகின்றது. மின்னல் பாய்ந்தாற்போன்ற கூச்சம் எழுகின்றது. இவ்விளக்கத்தை நிலைநாட்டியவர் சுவீடனைச் சேர்ந்த பிரான்ஸ்ரோம் என்னும் அறிஞர். உமிக்கரி, செங்கற்றூள் முதலியவற்றால் அழுத்தித் தேய்ப்போரின் பற்களில் மிளிரி தேய்ந்து பன்முதல் வெளிப்படுவதால், அன்னாருக்கும் இக்கூச்சம் மிகுதி. மூன்றாவது காரணம் கருவியும் கையும். மழுங்கிய கருவி காறையை வெட்டாது வழுக்கும், வழுக்கும் கருவியை மேலும் அழுத்த நேரும், அழுத்தம் நோவாகும். நான்காவது காரணம் அச்சம். அஞ்சியவனுடைய தசைகள் இறுகுகின்றன. கவனமெல்லாம் வாயிலே குவிகின்றது. பிறருக்குச் சிறு கூச்சமாகத் தோன்றுவது அவனுக்குப் பெருநோவாகின்றது. அச்சத்தினால் மிகும் நோவு பொய்யான நோவன்று. நோவை உணர்வது மூளையாதலின், மூளையின் நிலைக்கேற்ப நோவும் கூடும், குறையும்.

நான்கு காரணங்களுக்கும் தனித்தனியே பரிகாரமுண்டு. தேர்ந்த பல்வைத்தியர் கருவியை எடுக்குமுன் வினாவை எடுப்பார். எந்தப் பல் கூசுகின்றது, முன்னைய சிகிச்சையின்போது யாது நிகழ்ந்தது, எந்த மருந்து ஒவ்வாது என்பனவற்றைக் கேட்டறிவார். நீரிழிவு, இதய நோய், ஈளை, கருப்பம் ஆகியவை பற்றியும், குருதி உறைதலைத் தடுக்கும் மருந்து உட்கொள்வது பற்றியும் நோயாளி ஒளியாது சொல்லுதல் வேண்டும். நெஞ்சினுள்ளே இதயத்துடிப்பைச் சீராக்கும் மின்கருவி பொருத்தப்பட்டவர் அதனையும் கூறுதல் வேண்டும். குருதி உறைதலைத் தடுக்கும் மருந்தைத் தாமாகவே நிறுத்திவிட்டு வருதல் பேராபத்து. அதனைத் தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியரே. சூத்தைப் பல் அல்லது வெடித்த பல் இருப்பின் அதுவும் முற்கூட்டியே கண்டறியப்படும். ஏனெனில், அத்தகைய பல்லில் எழும் நோவு காறையால் வந்ததன்று. அதற்குரிய சிகிச்சை வேறு.

முரசு மிகவும் அழன்றிருப்பின் ஒரே நாளில் அனைத்தையும் சுரண்டி முடிக்க முற்படுதல் தகாது. முதலில் மேலோட்டமான காறையை மட்டும் அகற்றி, மென்மையான தூரிகையால் துலக்கும் முறையைக் கற்பித்து, குளோரெட்சிடீன் போன்ற வாய்கழுவும் மருந்தைச் சில நாட்களுக்குக் கொடுத்து அனுப்பலாம். ஒன்றிரண்டு கிழமைகளில் அழற்சி தணிந்தபின் எஞ்சியதை அகற்றும்போது நோவும் குருதிக் கசிவும் குறைவாகவே இருக்கும். ஆழமான பைகள் உள்ளோருக்கு வாயை நான்கு பகுதிகளாகப் பிரித்து, வெவ்வேறு நாட்களில் சிகிச்சை செய்வதுமுண்டு. கூச்சமில்லாத பற்களில் தொடங்கிக் கூச்சமுள்ள பற்களை இறுதியிலே தொடுவது நோயாளிக்கு நம்பிக்கை தரும்.

கருவிகள் இருவகை. ஒன்று கையால் இயக்கப்படும் சுரண்டி. அதன் விளிம்பு கூராக இருத்தல் இன்றியமையாதது. கூர்மையே நோவு தருமென்று எண்ணுவோர் உளர். உண்மையில் நோவு தருவது மழுக்கமே. அம்மட்டமான கத்தியால் மீன் வெட்டியவர் இதனை அறிவர். மற்றது 1950ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் வழக்கத்துக்கு வந்த கழியொலிக் கருவி. அதன் நுனி விநாடிக்கு 20,000 தடவைக்கு மேலாக அதிர்ந்து காறையை உதிர்க்கின்றது. அதிர்வினால் உண்டாகும் வெப்பத்தைத் தணிப்பதற்கு நுனியின்மீது நீர் பாய்ந்துகொண்டேயிருக்கும். அந்நீர் குறையின் பல் சுடும். மிகக் குளிரின் வேர் கூசும். ஆகவே நீரை இளஞ்சூடாக்குதல், அதிர்வின் வேகத்தைக் குறைத்தல், நுனியின் முனையாற் குத்தாமல் பக்கத்தாற் படரவிடுதல் என்னும் மூன்றும் நோவைப் பெரிதும் குறைப்பன. மிகவும் கூசும் பற்களுக்குக் கழியொலிக் கருவியை விடுத்துக் கைச்சுரண்டியைப் பயன்படுத்துவதும் உண்டு. கூசும் வேரின்மேற் புளோரைட்டுப் பூச்சுப் பூசியும், பொற்றாசியம் நைத்திரேற்றுக் கலந்த பற்பசையைச் சில கிழமைகள் முன்னதாகவே பயன்படுத்தியும் கூச்சத்தைத் தணிக்கலாம்.

இவையெல்லாம் போதாதவிடத்து விறைப்பு மருந்து உதவிக்கு வருகின்றது. பல்லுக்கொதிக்குக் கராம்பைக் கடித்து வைத்திருப்பது பழைய கைவைத்தியம். கராம்பெண்ணெயிலுள்ள இயூசினோல் என்னும் பொருள் சிறிதளவு விறைப்பைத் தருவது உண்மையே. ஆயினும் சுத்திகரிப்புக்கு வேண்டிய அளவு விறைப்பை அதனால் தரமுடியாது. மேலும், அவ்வெண்ணெயை முரசிலே ஊற்றினால் முரசு வெந்து புண்ணாகும். இன்று லிக்னோகேயின் கலந்த களிம்பை உலர்த்திய முரசிலே தடவி ஓரிரு நிமிடம் பொறுத்திருந்தால் மேற்பரப்பு விறைத்துவிடும். பையினுள்ளேயே செலுத்தத்தக்க விறைப்புக் களிகளும் உண்டு. ஊசிக்கு அஞ்சுவோருக்கு அவை பெரிதும் உதவுவன. ஆழமான பைகளைச் சுத்திகரிப்பதற்கோ விறைப்பூசியே சிறந்தது. மேற்றாடையில் எலும்பு நுண்துளைகள் மிக்கதாதலின் பல்லின் அருகிலே மருந்தைச் செலுத்தினாற் போதும். தடித்த கீழ்த்தாடையிலோ, கடைவாய்ப் பற்களுக்குத் தாடையின் பின்புறத்தில் நரம்பு நுழையும் இடத்தை அடுத்துச் செலுத்தவேண்டும். அவ்வாறு செலுத்தினால் அப்பக்கத்து உதடும் நாவின் பாதியும் இரண்டு மூன்று மணி நேரம் விறைத்திருக்கும்.

ஊசியின் நோவையும் குறைக்கலாம். முன்னதாகக் களிம்பு தடவுதல் ஒரு வழி. மருந்தை மிக மெதுவாகச் செலுத்துதல் மற்றொரு வழி. விரைந்து செலுத்தும்போது இழையங்கள் விரிவதாலேயே பெரும்பாலும் நோவு உண்டாகின்றது. ஊசி படும் இடத்தை அடுத்து விரலால் அழுத்துதல் மூன்றாவது வழி. அடிபட்ட குழந்தையின் முழங்காலைத் தாய் தேய்த்துவிட, அழுகை ஓய்வது எதனால்? அழுத்தத்தையும் தொடுகையையும் கொண்டுசெல்லும் நரம்புகள் நோவுச் செய்தியின் வழியை ஓரளவு அடைத்துவிடுகின்றன என்று மெல்சாக், உவோல் என்னும் அறிஞர் இருவர் 1965இல் விளக்கினர். தாய்மாரின் கைகள் தொன்றுதொட்டுச் செய்துவந்ததை விஞ்ஞானம் பின்னரே விளங்கிக்கொண்டது.

நோத்தணிப்பின் வரலாற்றிலே பல்வைத்தியர்க்குத் தனியிடம் உண்டு. 1844ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் 11ஆம் திகதி அமெரிக்காவின் ஹாட்போட் நகரில் ஹொரஸ் வெல்ஸ் என்னும் பல்வைத்தியர் நைதரசு ஒட்சைட்டு வாயுவைத் தாமே முகர்ந்து, தமது கடைவாய்ப் பல்லொன்றைப் பிடுங்குவித்தார். அவருக்கு நோவு தோன்றவில்லை. அடுத்த ஆண்டில் பொஸ்ரன் நகரிலே வைத்தியர் முன்னிலையில் அவர் காட்டிய சோதனை பிழைத்துப்போகவே, அவையிலிருந்தோர் எள்ளி நகையாடினர். 1846இல் அவருடைய மாணாக்கரும் கூட்டாளியுமாக இருந்த மோட்டன் ஈதரைக் கொண்டு அதே நகரில் வெற்றி கண்டார். சத்திரசிகிச்சை உலகமே அன்று மாறியது. வெல்ஸின் பல்லைப் பிடுங்கியவர் யார் என்பதே ஈண்டு நினைவுகொள்ளத் தக்கது. அவர் பெயர் யோன் ரிக்ஸ். பிற்காலத்தில், பையினுள் மறைந்திருக்கும் காறையைச் சுரண்டி அகற்றினால் முரசு நோயுற்ற பற்களைப் பிடுங்காமலே காக்கலாம் என்று நிறுவியவரும் அவரே. அமெரிக்காவில் அந்நோய் நெடுங்காலம் அவர் பெயராலேயே வழங்கியது. நோவற்ற சிகிச்சையின் பிறப்பிலும் பற்சுத்திகரிப்பின் பிறப்பிலும் ஒரே மனிதரின் கை இருந்தமை, இவ்விரண்டும் பிரிக்கத்தகாதன என்பதற்கு வரலாறே தரும் சான்றாகும்.

வாயு முழு உணர்வையும் மழுக்குவது; ஓரிடத்தை மட்டும் விறைக்கச் செய்யும் மருந்து பின்னரே கிடைத்தது. 1884இல் கார்ல் கொல்லர் என்பவர் கண் சிகிச்சைக்குக் கோக்கேயினைப் பயன்படுத்திக் காட்டினார். அது கொடிய பழக்கத்துக்கு ஆளாக்கும் பொருளாதலின் மாற்று மருந்து தேடப்பட்டது. 1905இல் புரோக்கேயின் வழக்குக்கு வந்தது. 1943இல் சுவீடனில் லொவ்கிரென் என்பவர் லிக்னோகேயினை ஆக்கினார். அதுவே இன்று உலகெங்கும் பல்வைத்தியர் கைகளில் உள்ளது. நைதரசு ஒட்சைட்டும் கைவிடப்படவில்லை. ஒட்சிசனுடன் அளவாகக் கலந்து மூக்கினால் முகரச் செய்யும்போது, நோயாளி விழித்திருந்து பேச்சைக் கேட்டுக்கொண்டே அச்சம் நீங்கி அமைதியடைகின்றார். இறுதியில் ஒட்சிசனை மட்டும் முகர்ந்தபின், சில நிமிடங்களில் அதன் மயக்கம் தெளிந்துவிடும்.

மருந்தினும் வலியது சொல். செய்யப்போவதைச் சொல்லி, கருவியைக் காட்டி, பின்னரே செய்தல் என்னும் முறை குழந்தைகளுக்கென வகுக்கப்பட்டதாயினும் முதியோருக்கும் பொருந்தும். நோகும்போது இடக்கையை உயர்த்துக, உடனே நிறுத்தப்படும் என்று முன்னரே உடன்படிக்கை செய்துகொள்வது மிகச் சிறந்த வழி. கை உயர்ந்தவுடன் கருவி நிற்றல் வேண்டும். ஒருமுறை நில்லாதுவிடினும் அவ்வுடன்படிக்கை பயனற்றதாகிவிடும். தன் நோவைத் தான் நிறுத்த முடியும் என்று அறிந்தவன், கையை உயர்த்தாமலே பெரும்பாலும் பொறுத்துக்கொள்வான். பொறுத்தலே வீரம் என்று எண்ணி வாய்திறவாதிருப்பதும் தவறு. நோவைச் சொல்லாத நோயாளி வைத்தியருக்கு வழியை மறைக்கின்றார்.

குழந்தைகள் விடயத்தில் பெற்றோருக்கும் பொறுப்புண்டு. குழப்படி செய்யும் பிள்ளையை, "பல்லு டொக்டரிட்டைக் கொண்டுபோய் ஊசி போடுவிப்பன்" என்று வெருட்டும் தாய், பின்னாளில் அப்பிள்ளை இழக்கப்போகும் பற்களுக்கு விதை ஊன்றுகின்றாள். 1921இல் நியூசிலாந்து நாடு பாடசாலைப் பிள்ளைகளுக்கெனப் பற்றாதியரைப் பயிற்றத் தொடங்கியது. அம்முறையைத் தழுவி 1950ஆம் ஆண்டுகளில் இலங்கையிலும் மகரகமையில் அத்தகைய பயிற்சி ஆரம்பமாயிற்று. பழகிய பாடசாலைச் சூழலிலே, நோவு தோன்றுமுன், சிறுவயதிலேயே பற்சிகிச்சைக் கதிரையில் அமர்ந்து பழகிய பிள்ளைக்கு அக்கதிரை அச்சந்தரும் பொருளாகத் தோன்றாது. நோவு முற்றிய பின்னரே முதன்முதலாக அங்கே கொண்டுசெல்லப்படும் பிள்ளை, நோவையும் கதிரையையும் என்றும் பிரித்தறியாது.

சிகிச்சைக்குப் பின்னரும் சிறிது பேணுதல் வேண்டும். விறைப்பு நீங்கும்வரை உணவு உண்ணலாகாது. உணர்வற்ற உதட்டையும் நாவையும் தானே கடித்துக்கொள்ள நேரும். கொதிக்கும் தேநீரும் அப்போது ஆகாது. சில நாட்களுக்கு முரசு நொந்திருப்பதும், குளிர்ந்த நீருக்குப் பல் கூசுவதும் இயல்பே. பெரும்பாலோருக்கு இவை ஓரிரு கிழமைகளிற் குறையும். இளஞ்சூடான உப்புநீரால் வாயைக் கழுவுதல் இதமளிக்கும். வேண்டின் பரசிற்றமோல் மாத்திரையை உரிய அளவில் உட்கொள்ளலாம். வெற்றிலை, புகையிலை, சுருட்டு ஆகியவற்றை விலக்குதல் வேண்டும். இவை புண் ஆறுதலைத் தடுப்பதோடு முரசு நோயை மீண்டும் அழைத்துவருவன. நொந்த முரசைத் துலக்காமல் விடுதல் கூடாது. மென்மையான தூரிகையால் மெதுவாகத் துலக்குதலே அழற்சியை விரைவில் ஆற்றும். காய்ச்சல், வளரும் வீக்கம், நில்லாத குருதி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் தாமதியாது வைத்தியரிடம் மீளுதல் வேண்டும்.

சுத்திகரிப்பு எத்துணை விரைவில் செய்யப்படுகின்றதோ அத்துணை நோவு குறையும் என்பதே இவையனைத்தினதும் சாரம். புதிதாகப் படிந்த காறை எளிதில் உதிரும், முரசும் நலமாயிருக்கும், வேரும் வெளிப்பட்டிராது, ஊசிக்கும் வேலையிராது. அச்சத்தினால் ஆண்டுகள் பலவற்றைக் கடத்தியவனுக்கோ காறை ஆழத்தில் இறங்கி, முரசு அழன்று, வேர் கூசி, அவன் அஞ்சிய நோவு உண்மையாகவே வந்து சேரும். நோவுக்கு அஞ்சுவோன் செய்யத்தக்கது வைத்தியரை விட்டு ஓடுதலன்று. வைத்தியரிடம் முந்திச் சென்று, தன் அச்சத்தையும் நோவையும் வாய்விட்டுச் சொல்லுதலே. அதனைக் கேட்டு, காரணம் அறிந்து, கருவியை நிறுத்தத் தெரிந்த வைத்தியர் அவனுடைய பற்களைக் காப்பார். சொல்லத் தெரிந்த நோயாளியும் கேட்கத் தெரிந்த வைத்தியரும் கூடிய இடத்திலே நோவு தானாகவே பின்வாங்கும்.